நான் சொன்ன சாட்சி

என் தங்கையின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். டிக், டிக், டிக் என்று, மலிவான கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி. பஸ்ஸிலோ கடைவீதியிலோ கேட்காது. சாயங்காலம் மேகம் இறங்கி, பெருமாள்மலை ரோட்டில் வண்டிகள் குறைந்து, நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கும்போது தெளிவாகக் கேட்கும். அவள் கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சாக்லேட்டுக்குத் தாள் சுற்றும் வேலை பார்த்தாள். சுற்றுலா வந்த ஒரு சின்னப் பெண் மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க வாட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டாளாம். "முழுங்கிட்டேன்" என்றாளாம் இவள். அந்தப் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டதாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சின்ன வயதில் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும், மூட்டெல்லாம் வீங்கும். மலையில் குளிர்தானே, சரியாகிவிடும் என்று அப்பா அம்மா விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதயத்தின் ஒரு வால்வைத் தின்றுவிட்டது. இருபத்திரண்டு வயதில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். நாங்கள் அதை இரும்பு வால்வு என்போம். உலோகத்தில் பட்ட ரத்தம் உறையப் பார்க்குமாம். உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் பயமில்லை. சத்தம் மந்தமாச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, தூக்கிட்டு ஓடி வந்துருங்க." எட்டு வருடமாக நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

அப்பா அம்மா போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அவருடைய ஈரலுக்காக நான் ஜெபித்தது கொஞ்சநஞ்சமல்ல. முழங்காலில் காய்ப்பு காய்த்ததுதான் மிச்சம். பிள்ளைகுட்டி இல்லை. கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. எனக்கு வாய் நீளம், மூக்குக்கு மேல் கோபம் வரும். தங்கை அப்படியே நேர் எதிர். ஊசி குத்தினால்கூட மன்னிப்புக் கேட்கிற ரகம். நான் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு. அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் ஜெபவீடு பெருமாள்மலை ரோட்டிலிருந்து முப்பது படி ஏறினால் வரும் தகரக்கூரைக் கட்டடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ஆராதனையின் நடுவில் சாட்சி நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை யாருடைய வியாதிக்காக ஜெபித்தார்களோ, அவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, ஆண்டவர் என்னைச் சுகமாக்கினார் என்று சொல்ல வேண்டும். சுகம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அல்ல, தெரிவதற்கு முன்பே. வாயால் அறிக்கை செய்தால்தான் சுகம் நிலைக்கும், சொல்லாமல் அடக்கிவைத்தால் கைநழுவிப் போய்விடும் என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. முழங்கால் வலி போய்விட்டது என்று சாட்சி சொன்ன ஒரு பெரியவர், ஆராதனை முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்குவார். நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம். விசுவாசத்தோடு இறங்குகிறார் என்போம்.

இதைக் கேட்டு வெளியாட்கள் எங்களைக் கோமாளிகள் என்று நினைக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் செத்துக்கிடந்தபோது சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஜனங்கள்தான் பெட்டி வாங்கினார்கள், கல்லறை வெட்டினார்கள், பத்து நாள் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் ஜெபித்தால் எனக்கு மனசு ஆறும். இன்றைக்கும் ஆறும்.

தங்கைக்கு முப்பது வயதானபோது சபைக்குள்ளேயே ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெருமாள்மலை ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன். ஆடலூரில் அவர்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருந்தது. தங்கமான பையன். அவனுக்கு இவளைப் பிடித்திருந்தது; இவளுக்கும்தான். அவன் ஹாரன் சத்தம் கேட்டால் இவள் சும்மாவாவது வாசலில் துணி காயப்போடுவாள். அவன் அம்மாதான் தடை. சபையில் பெண்கள் ஜெபக் குழுவுக்குத் தலைவி. அவர் கண்ணசைத்தால் கைதட்டு எழும்பும். கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே நான் அவரை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், அவ்வளவு அவசரம் எனக்கு.

"ஆயுசு முழுக்க மாத்திரை திங்கிற பிள்ளைய எப்படிம்மா கட்டுறது?" என்று அவர் கேட்டார். "ஜெபிப்போம். ஆண்டவரால ஆகாதது உண்டா?"

ஜெபித்தோம். அந்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் ஐயா தங்கையின் நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து, தொண்டை கட்டுகிற வரைக்கும் ஜெபித்தார். தங்கை அழுதாள், நடுங்கினாள். முடிந்ததும், "நெஞ்சுல சூடா என்னமோ இறங்குச்சுக்கா" என்றாள். பாஸ்டர், "விசுவாசத்தோட இரும்மா" என்றார். மாத்திரையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படியிலேயே பையனின் அம்மா என்னை நிறுத்தினார். "இன்னிக்கி உந்தங்கச்சி சாட்சி சொல்லட்டும். ஜெபிச்சாச்சு, எண்ணெய் பூசியாச்சு. இதுக்கு மேலயும் மாத்திரை போட்டா அது என்ன விசுவாசம்? இனி மாத்திரை வேண்டாம்னு அவ சொன்னா, அடுத்த வாரமே நான் பூ வைக்க வாறேன்."

சாட்சி நேரம் வந்தது. தங்கை எழுந்து நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "ஸ்தோத்திரம். எனக்காக ஜெபிச்சீங்க. நெஞ்சுல ஒரு சூடு தெரிஞ்சுச்சு" என்றாள். பிறகு நின்றுகொண்டே இருந்தாள். "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா உதட்டைச் சுழித்துப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போனால் வராது இந்த இடம். நான் எழுந்தேன்.

"ஸ்தோத்திரம். எந்தங்கச்சி கூச்சப்படுறா, நான் சொல்லுறேன். நேத்து வெள்ளனே லாட்ஜுல மெத்தை விரிப்ப உதறிக்கிட்டு இருந்தேன். அப்ப ஆண்டவர் எங்கிட்ட பேசுனாரு. மகளே, உந்தங்கச்சிக்கு நான் புது இருதயம் குடுத்துட்டேன், இனிமே அவளுக்கு மாத்திரை வேண்டாம்னு தெளிவாச் சொன்னாரு."

விரிப்பை உதறியது உண்மை. மற்றது அத்தனையும் பொய். ஜன்னல் பக்கத்தில் வழக்கம்போல மேகம்தான் நின்றது, யாரும் என்னோடு பேசவில்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் தகரக்கூரை அதிர அல்லேலூயா எழும்பியது. டிரம்ஸ் அடித்தார்கள். கூக்கால் கிராமத்திலிருந்து ஒரே ஒரு பஸ்ஸைப் பிடித்து வாரம் தவறாமல் வருகிற ஒரு பெண், வலிப்பு வருகிற தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கையின் காதில் சொன்னேன்: "மாத்திரைய மட்டும் விட்டுறாதடி. ஒருத்தருக்கும் தெரியாமப் போட்டுக்க."

அவள் நின்றுவிட்டாள். "ஆண்டவர் உங்கிட்ட பேசுனாருன்னு சொன்னியேக்கா?"

"பேசுனாருதான். இருந்தாலும் போட்டுக்க."

அப்போதே, பொய்டி, உனக்கு நல்ல இடம் அமையட்டும் என்று அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சபைக்காரர்கள் முன்னும் பின்னும் வந்துகொண்டிருந்தார்கள். அதுவுமில்லாமல் அவள் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு தெளிச்சி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் போய்ச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே பூ வைத்தார்கள். நாலு மாதம் கழித்துக் கல்யாணம் என்று முடிவாயிற்று. யாராவது வந்தால் கண்ணில் படக் கூடாதென்று மாத்திரை அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போவாள். அட்டை தவறாமல் காலியாகிக்கொண்டு வந்தது. நான் அதைப் பார்ப்பேன், நிம்மதியாக டீவி பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ரத்தப் பரிசோதனையைத்தான் விட்டோம். பெருமாள்மலையில் மதுரை பஸ் ஏறினால், எதுக்கு, யாரைப் பார்க்க என்று ஊரே கேட்கும். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். மாத்திரை வாங்குகிற மெடிக்கல் ஸ்டோர் பாய் மூன்றாவது மாதம் அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"டெஸ்ட் சீட்டக் கொண்டாங்கக்கா. அளவு கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு தெரியாம நான் பாட்டுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கக் கூடாது."

"கல்யாண சோலி தலைக்கு மேல கெடக்கு பாய். அடுத்த மாசம் போறோம்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு வேணும்லக்கா" என்றார் அவர்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். வாயில் நல்ல வார்த்தை வராதா, கடை வாசலில் வைத்து இப்படியா பேசுவது என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பாவம், அவர் மாத்திரையைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன். வந்ததும் அரிசி டிரம்மைத் திறந்து பழைய அட்டையைப் பார்த்தேன். சரியாகத்தான் காலியாகியிருந்தது.

பிறகு படி. ஜெபவீட்டுப் படியில் பாதிக்கு வந்ததும் தங்கை நின்றுவிடுவாள், செருப்பு வார் சரியில்லை என்பாள். அடுத்த வாரம் பத்தாவது படியிலேயே நின்றாள். உதடு ஊதா நிறத்தில் தெரிந்தது. "குளிருக்கா" என்றாள். குளிர்தான், மலை முழுக்கக் குளிர்ந்துதான் கிடந்தது. தூங்கும்போது இரண்டு தலையணை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கல்யாணக் கவலை, இரத்தம் குறைச்சல் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பீட்ரூட் வாங்கி அரைத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே கைக்கெட்டுகிற தூரத்தில் மேகம். ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். வீட்டில் சத்தமே இல்லை. எழுந்துபோய் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். டிக் என்று கேட்க வேண்டிய இடத்தில், ஈரத்துணிக்கு அடியில் யாரோ தட்டுகிற மாதிரி மொத்தென்று ஏதோ கேட்டது.

"உனக்கும் தெரியுதாக்கா?" அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். "பத்து நாளாவே இப்படித்தான். இரும்பு கரையுதுக்கா. ஆண்டவர் உங்கிட்ட சொன்ன புது இருதயம்."

நர்ஸம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை வந்தது. ஆனால் அவள் அப்படிச் சிரித்தபோது, ஒருவேளை, ஒருவேளை ஆண்டவர் என் பொய்யைக்கூட எடுத்து மெய்யாக்கிவிட்டாரோ என்று ஒரு எண்ணம் வந்தது. அவரால் ஆகாதா? மாத்திரையும் போட்டுக்கொண்டுதானே வருகிறாள், அப்படியிருக்க ரத்தம் எப்படி உறையும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த நர்ஸம்மாவின் குரலை அமுக்கிவிட்டேன். நான் முழுசாக விசுவாசித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையே சாட்சி சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, எல்லாரும் பார்க்க அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, "சத்தம் இல்ல! சத்தம் இல்ல!" என்று கையை உயர்த்தினார். சபை எழும்பி ஆடியது. தகரக்கூரைக்குக் கீழே அத்தனை பேரும் சந்தோஷத்தில் அழுதோம். பாஸ்டர் ஐயா முகம் மட்டும் ஒரு மாதிரி வெளுத்தது. பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிறலாமா சிஸ்டர்?" என்று மெல்லக் கேட்டார்.

"எதுக்குய்யா? ஆண்டவர் செஞ்சத டாக்டர்ட்ட கொண்டுபோய்ச் சரிபார்க்கணுமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பல் விளக்கப் போனவள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விடமுடியவில்லை. இருமினால் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. மாப்பிள்ளைதான் ஜீப்பைக் கொண்டுவந்தான். வழியெல்லாம் சுற்றுலா வண்டிகள். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே இருந்த டாக்டர் பொண்ணு ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், மறுபடி கேட்டாள்.

"மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

"நிறுத்தவே இல்லம்மா. தெனமும் போடுறா."

"வால்வு சத்தமே கேக்கல. ரத்தம் கட்டி அடைச்சிருக்கு. மாத்திரை போட்டா இப்படி ஆகாதே."

"எங்கண்ணு முன்னாடி அட்டையிலிருந்து எடுக்குறா, நான் என்ன பொய்யா சொல்லுறேன்?" என்று அவளிடமும் கத்தினேன். அந்தப் பெண் என்னோடு வாதாடவில்லை. உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆம்புலன்ஸை வரவழைத்தாள்.

ஆம்புலன்ஸ் மலையிறங்கியது. பெருமாள்மலையைத் தாண்டும்போது ஜன்னலில் எங்கள் ஜெபவீட்டுப் படி தெரிந்தது. தங்கை ஆக்சிஜன் மூடியைக் கையால் தள்ளிவிட்டு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. நான் மாத்திரை போடல."

"என்னடி சொல்லுற?"

"நீ சாட்சி சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேன். நீ பயந்துக்குவன்னுதான் தெனமும் அட்டையிலிருந்து எடுத்தேன். எல்லாம் எம்பைபிள் உறையில இருக்கு." இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு ஏங்கினாள். "கல்யாணத்தன்னைக்கு பீடத்துல வச்சு ஸ்தோத்திரம் சொல்லலாம்னு நினச்சேன். நான் போட்டா உன் சாட்சி பொய்யாயிருமுல்ல."

மூடியைத் திரும்ப வைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"ஆண்டவர் உங்கிட்ட பேசுனது நெசம்தானக்கா?"

என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன. கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"நெசம்தான்டி" என்றேன். "நெசமாப் பேசுனாரு."

தலையசைத்தாள். மூடியைத் திரும்ப வைத்தார்கள். நான் ஜெபித்தேன். வார்த்தையெல்லாம் மறந்துபோய், ஐயா, ஐயா என்று மட்டும்தான் வந்தது. வத்தலக்குண்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசி வளைவு இறங்கிச் சமவெளி வெயில் வண்டிக்குள் விழுந்த இடத்தில், அவள் போய்விட்டாள். ஆம்புலன்ஸ் உதவியாளாகக் கூட வந்த பையன் அவள் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். நான் காதை வைத்துக் கேட்டேன். மொத்தென்ற சத்தம்கூட இல்லை.

அடக்கம் செய்த அன்றைக்கு மாப்பிள்ளை குழிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் அம்மா என் வாசலில் நின்று, எனக்குக் கேட்கும்படியாகவே, "எங்கயோ விசுவாசம் கொறஞ்சிருக்கு" என்றார். பாய்ந்து போய் அவர் தலைமுடியைப் பிடித்திருப்பேன். ஆனால் விசுவாசம் குறைந்தவள் யாரென்று எனக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு அவளுடைய பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தேன். பின்பக்கப் பையில் மாத்திரைகள். ஒவ்வொன்றையும் கடையிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் தாளில், தங்கநிறத் தாளில், முனை பிசகாமல் சுற்றிவைத்திருந்தாள். நாலு மாதத்து மாத்திரை. கொட்டினால் ஏதோ பிறந்தநாள் விசேஷத்துக்கு வாங்கின மிட்டாய் மாதிரி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மார்பில் அறைந்துகொண்டு அழுதேன்.

ஆறு வாரம் நான் ஜெபவீட்டுப் பக்கம் போகவில்லை. ஏழாவது வாரம் போனேன். ஆண்டவர்மேல் கோபம் என்று நினைத்துத்தான் போகாமல் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் என்ன செய்தார்? அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னவள் நான். சாட்சி நேரம் வந்ததும் எழுந்து முன்னால் போய், மேஜைமேல் அந்தத் தங்கத் தாள்களைக் கொட்டினேன்.

"இது எந்தங்கச்சி மாத்திரை. ஆண்டவர் எங்கிட்ட பேசுனாருன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். அவரு பேசல. கல்யாணம் கூடி வரட்டும்னு நானாச் சொன்ன பொய். அவ நம்பிட்டா. நம்பித்தான் செத்தா."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்லத்தான் வந்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "சிஸ்டர் துக்கத்துல பேசுறாங்க, எல்லாரும் துதிப்போம்" என்று பாட்டை எடுத்தார். டிரம்ஸ் ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். நான் மேஜைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

கூக்கால்காரப் பெண் மட்டும் கைதட்டவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, தாயின் தோளில் துவண்டு கிடந்தது. நெற்றியில் புதிதாக ஒரு காயம், நாக்கு நுனியில் பல் பட்ட தடம்.

"யக்கா" என்றாள் என் காதருகே. பாட்டுச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "துக்கத்துலதான இப்படிச் சொல்றீங்க? ஆண்டவர் உங்ககிட்ட பேசுனது நெசம்தானக்கா? அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டுத்தான் நான் இவளுக்கு வலிப்பு மாத்திரைய நிறுத்துனேன். போன வாரம் ரெண்டு தடவ வந்துருச்சு. நெசம்தானே?"

அதே கேள்வி. அதே மாதிரி கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"பொய்" என்றேன். "பொய்ம்மா. வா, இப்பவே கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பிள்ளையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முப்பது படியும் மழையில் இறங்கினேன். மேலே டிரம்ஸ் நிற்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆயிற்று. என் தங்கையிடம் அதைச் சொல்ல எனக்கு நாலு மாதம் இருந்தது.